நன்றிக்கு உரியவர்கள்

வெள்ளிக்கிழமை காலைக் காட்சியிலிருந்து வேதநாயகி கற்பனைப் பாத்திரம் ஆகிவிடுவாள் என்று துறையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். மரியாதையான மனிதர். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சொம்பைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வேதநாயகிக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. படம் தொடங்குவதற்கு முன்னால், இதில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே என்று ஒரு கார்டு போடுவார்கள். மற்ற ஊர்களில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தக் கடலோர ஊரில் மட்டும் போட்டால் போட்டதுதான். படத்தில் வந்ததெல்லாம் அந்த நிமிடம் முதல் கற்பனை.

முன்பு ஒரு காதல் படத்தை ஆற்றுப் பாலத்தில் எடுத்தார்கள். படம் வெளியான அன்றே பாலம் போய்விட்டது. இடிந்து விழவில்லை, கற்பனையாகிவிட்டது. இன்றைக்கும் பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். ஜனங்கள் இறங்கி, வேட்டியையும் புடவையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து, அக்கரையில் வேறு பஸ் ஏறுவார்கள்.

பாலத்தின் நடுவில் டீக்கடை வைத்திருந்த அமிர்தம் மட்டும் தப்பித்தார். படக்குழுவுக்கு டீ கொடுத்ததற்காக நன்றி கார்டில் அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். நன்றி கார்டு முதலில் வரும். கற்பனைக் கார்டு அதற்குப் பின்னால்தான் வரும். நன்றி சொல்லப்பட்டவரைக் கற்பனை தொடாது, அவர் கொடுத்த பொருளையும் தொடாது. அதனால் அமிர்தமும் அவருடைய பாய்லரும் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் இன்னும் இருக்கிறார்கள். டீ நன்றாக இருக்கும் என்று சொல்கிறார்கள். போய்க் குடிக்கத்தான் வழியில்லை.

வேதநாயகியைப் பற்றி எடுத்த படத்தின் பெயர் 'சுட்டெரிக்கும் பேனா'. துறையே முன்நின்று எடுத்தது.

ஊரில் அதைத் துறை என்றுதான் சொல்வார்கள். முழுப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கடல் வழியாகப் போதைப்பொருள் போகாமல் தடுப்பது அதன் வேலை. பிடித்த பொட்டலங்களைக் கிடங்கில் வைத்துப் பூட்டுவார்கள். வேதநாயகி எழுதியது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. கிடங்கில் பூட்டிய அதே பொட்டலங்கள் துறையின் ஐஸ் வண்டியில் ஏறி, துறையின் படகில் ஏறி, கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பிடிப்பதும் அவர்கள், அனுப்புவதும் அவர்கள். வெளியாள் யாருக்கும் சிரமம் வைக்கவில்லை.

துறைக்கு எதற்கு ஐஸ் வண்டி என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த வண்டியை ஓட்டிய சூசைராஜுக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது வேறு. சித்திரை வெயிலில் அவ்வளவு தூரம் ஓட்டிவந்து நிறுத்தினாலும் வண்டிக்கு அடியில் தரை காய்ந்தே கிடந்தது. மீன் ஏலச் செய்திக்காகத் துறைமுகத்துக்கு வந்திருந்த வேதநாயகியிடம் அவர் அதைத்தான் கேட்டார்.

"தங்கச்சி, நீ பேப்பர்ல இருக்குற. நாலும் தெரிஞ்சிருக்கும். உருகாத ஐஸுன்னு ஒண்ணு உண்டா?"

வேதநாயகிக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போயிற்று. அவளுடைய பலமும் பலவீனமும் அதுதான். ஒரு கேள்வி பிடித்துவிட்டால் சாப்பாடு இறங்காது. இருவரும் சேர்ந்து ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே பொட்டலங்கள் இருந்தன. உருகாததற்கு அதுதான் காரணம் என்று தெரிந்தது.

அவள் வேலை பார்த்த 'மாலைச் சங்கு' பத்திரிகையில் அதுவரை அவள் எழுதியதெல்லாம் 'நமது நிருபர்' என்றுதான் வந்தது. அந்தச் செய்தி மட்டும் 'வேதநாயகி' என்று பெயர் போட்டு வந்தது. அவளுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. பெயரைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சூசைராஜைப் பிடித்துக் கிளைச் சிறையில் போட்டார்கள். அவருடைய சீட்டுக்கு அடியில் பொட்டலங்கள் இருந்தனவாம். படம் எடுத்து முடிகிற வரைக்கும் தள்ளிப்போன ஜாமீன் மனு திங்கட்கிழமை வருகிறது. படம் வெள்ளிக்கிழமை வருகிறது. படத்தில் சூசைராஜ் பாத்திரமும் உண்டு.

வேதநாயகி சிறைக்குப் போய் வார்டரிடம் விசாரித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சூசைராஜ் கற்பனையாகிவிட்டால் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு எப்படிக் கூட்டிப்போவீர்கள் என்று கேட்டாள். வார்டர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"கூட்டிட்டுப் போவ முடியாதும்மா. இல்லாத ஆள எப்படி வெளிய விடுறது?"

"உள்ள மட்டும் வெச்சிருப்பீங்களா?"

"உள்ள வைக்கிறதுக்கு ஆள் இருந்துதான் ஆவணும்னு இல்லியே."

சிறை வாசலில் சூசைராஜின் மனைவி மெட்டில்டா தூக்குவாளியில் மீன் குழம்போடு நின்றிருந்தாள். தினமும் வருவாள். வாளியை உள்ளே வாங்கிக்கொள்வார்கள். கழுவிய வாளி வெளியே வரும். சாப்பிட்டாரா என்று கேட்டால் பதில் வராது. வேதநாயகியும் தினமும் வந்து அவளோடு நிற்பாள். தான் கேள்வி கேட்டு எழுதப்போய்த்தானே இது ஆயிற்று என்று அவளுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மெட்டில்டா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தங்கச்சி என்று கூப்பிட்டு, வெயிலில் நிற்காதே என்று தன் குடைக்குள் இழுத்துக்கொள்வாள்.

வேதநாயகி முதலில் தன் பத்திரிகை ஆசிரியரிடம் போனாள். ஆசிரியர் போன மாதம் மேஜை மின்விசிறி ஆகியிருந்தார். அலுவலகத்தில் எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். முன்பு போலவே எல்லாப் பக்கமும் திரும்புவார், எந்தப் பக்கமும் நிற்கமாட்டார். அவள் விஷயத்தைச் சொன்னபோது கவனமாகக் கேட்டுக்கொண்டு, மெல்ல வேறு பக்கம் திரும்பினார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் சொன்னதில் பாதி காற்றில் போய்விட்டிருந்தது.

அடுத்து துறைக்குப் போனாள். துறையின் தாழ்வாரம், பார்க்கவேண்டிய அதிகாரி எவ்வளவு பெரியவரோ அவ்வளவு நீளும். கடைநிலை ஊழியரைப் பார்ப்பதென்றால் நாலு எட்டு. அவள் பார்க்கவேண்டியது உதவி ஆணையர் தியாகசுந்தரத்தை. நடக்க நடக்க அறைகள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் ஒரு திருப்பத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார்கள். அங்கே மோர் குடித்துவிட்டு மேலே நடந்தாள்.

தியாகசுந்தரம் அவளை உட்காரச் சொன்னார். படம் நன்றாக வந்திருக்கிறது, கதாநாயகன் அவள் வேஷத்தில் பிய்த்து உதறியிருக்கிறார், மீசைதான் கொஞ்சம் பெரிது என்றார். மறுப்பு அறிக்கை விடாமல் எதற்குப் படம் என்று அவள் கேட்டாள். மறுப்பு விட்டால் சிலர் நம்புவார்கள், சிலர் நம்பமாட்டார்கள், படம் எடுத்துவிட்டால் யாரும் நம்பவேண்டிய அவசியமே இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"படத்துல உண்மையவே காட்டியிருக்கீங்கன்னு சொல்றாங்களே சார்?"

"ஆமாம்மா. எல்லாத்தையும் காட்டியிருக்கோம். கிடங்கு, வண்டி, படகு. ஒண்ணு விடல."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும்ல."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவள் எழுந்துகொண்டாள். அப்போது அவர் முகத்தில் ஒரு வாட்டத்தைப் பார்த்தாள். என்ன சார் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். பிறகு மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே, கிடங்கு தன்னுடைய பொறுப்பில் இருந்தது, ஷூட்டிங்குக்குச் சாவியை எடுத்துக் கொடுத்ததும் தன் கைதான், ஆனால் நன்றி கார்டில் அமைச்சர் பெயரும் நகைக்கடைக்காரர் பெயரும்தான் இருக்கின்றன என்றார். வீட்டில் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாராம்.

அந்த முகம் வேதநாயகிக்கு நன்றாகத் தெரிந்த முகம். அவள் வருஷக்கணக்கில் விழாச் செய்தி எழுதியவள். பள்ளி ஆண்டு விழாவோ ரத்த தான முகாமோ, எந்த விழாவாக இருந்தாலும் செய்தியின் கடைசியில் மேடையில் இருந்தவர்கள் பெயரெல்லாம் வந்து, 'உள்ளிட்டோர் கலந்துகொண்டனர்' என்று முடியும். விழாவில் என்ன பேசினார்கள் என்பதைத் தப்பாக எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் விடிந்ததும் அலுவலக போன் அலறும். சொந்தத் தம்பி செத்த வீட்டில்கூட, நான் வந்தது பேப்பரில் வரவில்லையே என்று அவளிடம் குறைப்பட்டவர்கள் உண்டு.

அவள் கிளம்பும்போது தாழ்வாரம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதை அவள் கவனித்தாள்.

நேராகத் தியேட்டருக்குப் போய், மாடியில் ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டினாள். ஆபரேட்டர் கலியமூர்த்திக்கு வெளிச்சமே பிடிக்காது. அவர் முகத்தை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. கதவை ஒரு விரல் அளவு திறந்து பேசுவார். அவரிடம் சூசைராஜ் பெயரை நன்றி கார்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டாள்.

"இப்ப எங்க இருக்காரு?"

"கிளைச் சிறையில."

"உள்ள இருக்குறவங்க பேரு நிக்காதுங்க. போட்டாலும் அழிஞ்சிடும். வெளிய வந்தா கொண்டாங்க."

"அவர் திங்கக்கிழமைதான் வெளிய வருவார். கற்பனை கார்டு வெள்ளிக்கிழமையே வந்துடுமே."

"நன்றி முடிஞ்சாத்தான் அது வரும்."

வேதநாயகி கதவிடுக்குக்குக் கிட்டே போனாள். பிறகு, நன்றி எவ்வளவு நேரம் ஓடலாம் என்று கேட்டாள். அதற்கு ஒரு வரையறையும் இல்லை என்றார் கலியமூர்த்தி. பெயர் வர வரப் போட்டுக்கொண்டே இருப்பது அவர் கடமை. இரண்டே நிபந்தனைதான். என்ன கொடுத்தார் என்று சொல்லவேண்டும், சும்மா நன்றி சொல்ல முடியாது. அப்புறம், யாரும் தன் பெயரைத் தானே கொண்டுவர முடியாது. இன்னொருவர்தான் கொண்டுவர வேண்டும்.

"நான் கொண்டு வரலாமா?"

"தாராளமா."

அவள் படியிறங்கும்போது பல நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. பரோட்டா சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

முதல் பெயர் தியாகசுந்தரத்தினுடையது. அவரிடம் போய், சார், உங்க பேர் விட்டுப்போனது சரியில்ல, நான் சேர்க்கச் சொல்றேன், நீங்க என்ன கொடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க என்றாள். தியாகசுந்தரம் கண் கலங்கிவிட்டார். கிடங்குச் சாவி கொடுத்ததைச் சொன்னார். படத்துக்கு மட்டுமா கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள். எப்போதும் கொடுப்பதுதான், மாதா மாதம் அமாவாசைக்கு முந்தின நாள் கொடுப்பேன் என்றார். அதையும் போடலாமா என்று கேட்டாள். போட்டால் பெருமைதான் என்றார்.

அவ்வளவுதான். செய்தி தாழ்வாரத்தில் பரவியது. ஒவ்வொருவரும் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தாழ்வாரம் சுருங்கிக்கொண்டே வந்தது. மோர்ப் பந்தல் இருந்த இடம் வாசலுக்கே வந்துவிட்டது. கடைசியில் ஒரு பெரிய அதிகாரியின் மேஜை வாசற்படிக்கு வெளியே தெருவில் வந்து நின்றது. அவர் எழுந்து நின்று அவளை வரவேற்றார். படகு கொடுத்தது அவர்தான்.

வெள்ளிக்கிழமை தியேட்டர் வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். கதாநாயகனுக்கு வைத்த கட்-அவுட்டுக்குப் பக்கத்தில் தியாகசுந்தரத்தின் குடும்பத்தார் அவருக்கும் சின்னதாக ஒன்று வைத்திருந்தார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. விளக்கு அணைந்தது. சான்றிதழ் வந்தது. அடுத்து நன்றி கார்டில் அமைச்சரும் நகைக்கடைக்காரரும் வந்து போனார்கள்.

கிடங்கைத் திறந்துவிட்ட உதவி ஆணையர் தியாகசுந்தரம் அவர்களுக்கு நன்றி என்று வந்ததும் விசில் பறந்தது. குடும்பத்தார் பேப்பரைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள். அடுத்து, பொட்டலங்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவருக்கு நன்றி வந்தது. அடுத்து, சோதனைச் சாவடியில் வண்டி வரும்போதெல்லாம் கொட்டாவி விட்டு வேறு பக்கம் பார்த்தவருக்கு. அவர் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, நீங்க இவ்ளோ செஞ்சிருக்கீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே என்றாள்.

மத்தியானக் காட்சிக்கு வந்தவர்கள் காலைக் காட்சியின் நன்றியே முடியாததால் ஓரமாக நின்றார்கள். யாரும் கலையவில்லை. அடுத்தது தங்கள் பெயராக இருக்கலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளி போய்ச் சனி வந்தது. பாய் கொண்டுவந்து விரித்தார்கள். புளிச்சாதம் வந்தது. ஒரு பெண்ணுக்கு இருக்கை வரிசைகளுக்கு நடுவிலேயே நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார், சம்பந்தி பெயர் திரையில் வந்த பிறகுதான் தட்டை மாற்றினார்கள். அவர் படகுக்கு டீசல் ஊற்றியவர்.

வேதநாயகி தெருவில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் யாரையும் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. அவர்களே வந்தார்கள். ஐஸ் வண்டிச் செய்தியை எழுதியபோது ஒவ்வொரு வரிக்கும் எத்தனை வாசலில் நின்றோம் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது ஒருவர் வாய் திறக்கவில்லை. இப்போது, அது நான் செய்ததுதான், அவர் செய்ததாகப் போட்டுவிடாதே என்று சண்டை போட்டார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் பெயர் கொடுக்க வரும் ஆள் குறையத் தொடங்கியது. அவளுக்குப் பயம் பிடித்தது. திங்கட்கிழமை கோர்ட் கூடும்வரை நன்றி தாங்குமா என்று தெரியவில்லை. தாங்கினாலும் ஜாமீன் கிடைக்கும் என்பதற்கு ஒரு நிச்சயமும் இல்லை. தியேட்டர் வாசலில் சோடா கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இன்ஸ்பெக்டர் குணசீலன் வந்தார். சூசைராஜைப் பிடித்தவர் அவர்தான். கோபமாக இருந்தார்.

"ஊர்ல உள்ளவன் பேரெல்லாம் வந்தாச்சு. என் பேர் எங்கம்மா?"

"நீங்க என்ன சார் குடுத்தீங்க?"

"அந்த டிரைவர் சீட்டுக்கு அடியில பொட்டலம் கெடச்சுதுல்ல? படத்துல என்னமோ தானா கெடச்ச மாதிரி எடுத்திருக்கானுங்க. அது நான் வெச்சது. குனிஞ்சு குனிஞ்சு வெச்சேன். முதுகு புடிச்சிக்கிச்சு."

வேதநாயகி கையிலிருந்த சோடாவைக் கீழே வைத்தாள். பிறகு, அப்படியே போட்டுடலாமா சார் என்று கேட்டாள்.

"முதுகு புடிச்சதையும் சேர்த்துப் போடு."

திங்கட்கிழமை கோர்ட் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. வக்கீல்கள், டவாலி, மாஜிஸ்திரேட் எல்லோரும் தியேட்டரில் இருந்தார்கள். அதனால் கோர்ட்டைப் பால்கனியிலேயே கூட்டினார்கள். மாஜிஸ்திரேட் முன்வரிசையில் உட்கார்ந்து, முறுக்கைத் தள்ளி வைத்துவிட்டு, சூசைராஜ் மனுவைக் கூப்பிடச் சொன்னார். டவாலி இருட்டில் மூன்று முறை பெயரைக் கூவினார். அந்த நேரத்தில் திரையில் குணசீலனுக்கான நன்றி வந்தது. முதுகு வலியையும் பொருட்படுத்தாமல், ஓட்டுநர் சூசைராஜின் இருக்கைக்கு அடியில் பொட்டலங்களைத் தன் கையால் வைத்த இன்ஸ்பெக்டர் குணசீலன் அவர்களுக்கு நன்றி.

விசில் பறந்தது. குணசீலன் எழுந்து தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"அப்ப அந்த டிரைவர் எதுக்கு உள்ள இருக்காரு?" என்று கேட்டார்.

 கேள்வி அரங்கத்தில் கொஞ்ச நேரம் சுற்றிவந்தது. பிறகு அவர் சூசைராஜை விடச் சொல்லி, முறுக்கை எடுத்துக்கொண்டார்.

சிறைக்கு ஆள் போய், சூசைராஜ் வாசல் தாண்டிவிட்டார் என்று தகவல் வந்ததும் வேதநாயகி மாடிப்படியில் ஓடினாள். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. சூசைராஜ் வெளியே வந்துவிட்டார், பெயரைப் போடுங்கள் என்றாள். என்ன கொடுத்தார் என்று கலியமூர்த்தி கேட்டார். உருகாத ஐஸ் உண்டா என்று ஒரு கேள்வி கொடுத்தார் என்றாள். கலியமூர்த்தி உள்ளே ஏதோ தட்டினார். சூசைராஜின் பெயர் திரையில் விழுந்தது. யாரும் விசிலடிக்கவில்லை. ஆனால் அது அழியாமல் நின்றது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

"அவ்ளோதாங்க, இதுதான் கடைசிப் பேரு," என்றார் கலியமூர்த்தி. "உங்க பேர யாராச்சும் கொண்டாந்தாங்களா?"

"எங்க ஆசிரியர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"வரலியே."

"திரும்பிக்கிட்டிருப்பார்."

"நானே போடலாம்னா, நான் கொண்டு வரக் கூடாதுங்க. போடுறவன் நான்."

அவளுக்கு அது தெரியும். யாரிடமாவது போய்க் கேட்கலாம் என்று தோன்றியது. இத்தனை பேர் பெயரைச் சுமந்து படி ஏறியவள், என் பெயரை ஒருவர் கொண்டுபோங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. விழாச் செய்தியில் எழுதுகிறவர் பெயர் வருவதில்லை. கீழே வந்து, பின்வரிசையில் ஒரு காலி சீட்டில் உட்கார்ந்தாள்.  பர்ஸைத் திறந்து கத்தரித்து வைத்த பெயரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கற்பனை ஆவது எப்படி இருக்கும் என்று யோசித்தாள். வலிக்குமா என்று கேட்க முன் அனுபவம் உள்ளவர் யாரும் இல்லை. பயந்துபோயிருந்தாலும் அவளுக்கு அதை அறிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது.

திரை வெறுமையாக நின்றது. கற்பனைக் கார்டு வரவேண்டிய நேரம். வரவில்லை.

மாடியில் யாரோ ஒரு பெண்ணின் குரல் கேட்டது. தூக்குவாளியின் மூடி உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு திரையில் இன்னொரு நன்றி வந்தது.

தினமும் சிறை வாசலில் கூட வந்து நின்ற பேப்பர்க்காரத் தங்கச்சிக்கு நன்றி.

அதற்குப் பின்னால் கற்பனைக் கார்டு வந்தது. எல்லோரும் அதை அமைதியாகப் படித்தார்கள்.

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். இருந்தன. பர்ஸுக்குள் இருந்த துண்டுத்தாள் வெறும் தாளாக இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று யோசித்தாள். நாக்கின் நுனி வரைக்கும் வரவில்லை. இதற்குமேல் அவளை அந்தப் பெயர் சொல்லி இந்தக் கதையும் கூப்பிட முடியாது. அவளுக்கு வலிக்கவில்லை. காதில் இருந்த தோட்டைக் கழற்றிவைத்த மாதிரி ஒரு லேசு மட்டும் இருந்தது.

முன்வரிசையில் தியாகசுந்தரம் கைதட்டுவதை நிறுத்தியிருந்தார். தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் கெட்டியாக இருந்தன. பக்கத்தில் இருந்த, படகு கொடுத்த அதிகாரியையும் தொட்டுப் பார்த்தார். அவரும் இருந்தார். கிடங்கு இருந்தது, சாவி இருந்தது, பொட்டலங்கள் இருந்தன. நன்றி சொல்லப்பட்டவரையும் அவர் கொடுத்ததையும் கற்பனை தொடாது என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வெளியே போக எழுந்தார். இருக்கைகளுக்கு நடுவில் இருந்த வழி நீளத் தொடங்கியது. அவர் நடந்தார். கதவு அதே தூரத்தில் இருந்தது. பால்கனியிலிருந்து மாஜிஸ்திரேட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டவாலியிடம், படம் முடிந்ததும் முதல் நன்றியிலிருந்து மறுபடி ஓட்டச் சொல்லு, எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்.

இருட்டில் யாரோ தடவித் தடவி வந்தார்கள். முகம் மழிக்காத ஒரு மனிதர், பின்னால் தூக்குவாளியோடு மெட்டில்டா. சூசைராஜ் மெலிந்துபோயிருந்தார். அவள் உட்கார்ந்திருந்த சீட்டின் முதுகைத் தொட்டுக்கொண்டு குனிந்தார்.

"இங்க ஆள் இருக்குங்களா?"

அவள் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தாள்.

"இருக்குண்ணே," என்றாள். "பக்கத்துல ரெண்டு காலியா இருக்கு. உக்காருங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். மெட்டில்டா வாளியைத் திறந்து, முதல் கவளத்தை அவர் கையில் வைத்தாள். அவர் சாப்பிடுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். மீன் குழம்பின் வாசனை அந்த வரிசை முழுக்கப் பரவியது.

படம் தொடங்கியது. கதாநாயகன் ஒரு கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பெரிய மீசை. கையில் பேனா. வில்லன், யார்றா நீ என்று கேட்டான். கதாநாயகன் மீசையைத் தடவிவிட்டு, "வேதநாயகி" என்றார். தியேட்டர் அதிர்ந்தது. பின்வரிசையில் இருந்தவளுக்கு, நல்ல பெயர்தான், எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறது என்று தோன்றியது.

மெட்டில்டா கணவனுக்கு இன்னொரு கவளம் வைத்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தாள்.

"மேல அந்த ஆபரேட்டரு உன் பேரக் கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. வெக்கமாப் போச்சு. இத்தன நாளு கூட நின்னியே, உன் பேரக் கேக்கவே இல்ல பாரு. உன் பேரு என்ன தங்கச்சி?"

அவள் வாயைத் திறந்தாள்.  திரையில் வண்டி ஒன்று வெயிலில் வந்து நின்றது. கேமரா மெதுவாக அதற்கு அடியில் போனது. தரை காய்ந்து கிடந்தது.

"இருங்கக்கா," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த ஐஸ் ஏன் உருகலன்னு பாத்துட்டு சொல்றேன்."